வாசலில் போட்ட கடை

சக்கரபாணிக்குப் பயம் கூடப்பிறந்தது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு இன்னும் இரண்டு தரம் போய்ப் பார்க்கிற ஆள். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, அடி அண்ணாமலையில் வீடு, மனைவி தனத்துக்கு மூச்சிரைப்பு. பயப்பட இதைவிட என்ன வேண்டும்?

காய், பால், ரேஷன் எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு சைக்கிள் போதுமாக இருந்தது. மருந்துக்கடைக்குத் தனமே கேரியரில் உட்கார்ந்து வருவாள். போன மழையில் அவளுக்கு இழுப்பு கண்டபோதுதான் அது போதாமல் போனது. சென்னையில் இருக்கும் மகன் அருள்ராஜ் சொன்னபடி போனில் வண்டி பிடித்தார். டிரைவர் உடனே கூப்பிட்டான். "அடி அண்ணாமலையா? ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க."

அன்று பக்கத்து வீட்டு ஆட்டோ இருந்ததால் தப்பித்தாள். மறு மாசமே பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி காம்பவுண்டுக்குள் நிறுத்தினார்.

"மார்க்கெட்ல நீங்க எடம் தேடி நிறுத்தறதுக்குள்ள நான் கொழம்பே வச்சிடுவேன்" என்று தனம் கேலி செய்தாள்.

"இது மார்க்கெட்டுக்கு இல்ல தனம். உனக்கு ஒண்ணுன்னா..." சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பின்சுவரில் சாய்த்து வைத்தார்.

இவ்வளவு யோசித்த மகராசன் ஒன்றை மட்டும் கோட்டை விட்டார். வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் கண்ணாயிரம் பஜ்ஜிக் கடை போடுவது பல வருஷப் பழக்கம். கார் வாங்கிய பிறகு வந்த பௌர்ணமிக்கும் மத்தியானமே வந்து, இரும்புக் கதவை அடைத்துப் பலகை போட்டு அடுப்பேற்றினான். "தாராளமா போடுப்பா" என்று சொன்னதும் இவர்தான்.

பொழுது சாயும்போது தனத்துக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு கறுத்தது. சாவியோடு ஓடிவந்தவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். எதிரே கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி, அதற்கப்பால் ரோடு தெரியாமல் ஜனம். கடையை எடுத்தாலும் கார் எங்கே போகும்? அந்த ரோட்டில் வண்டி விடுவதைப் போலீஸ் காலையிலேயே நிறுத்திவிட்டது. போனில் ஒரு வண்டியும் காட்டவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள், ஆனால் இந்தக் கூட்டத்தைக் கடந்து வர வேண்டுமே!

"சைக்கிள்..." என்றாள் தனம். அந்த ஒரு சொல்லைச் சொல்லவே திணறிப்போனாள்.

நல்லவேளை, பழைய இரும்புக்காரன் இன்னும் வரவில்லை. கேரியரில் அவளை உட்காரவைத்து, விழாமலிருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் செங்கம் ரோட்டில் இருந்தார், கூட்டம் வரும் திசைக்கு எதிரே. கண்ணாயிரம் அடுப்பை அணைத்து, பலகையை ஒதுக்கிக் கதவைத் திறந்துவிட்டு முன்னால் ஓடினான். "ஒடம்பு சரியில்லாதவங்க வராங்க, வழி உடுங்க!"

முதுகுக்குப் பின்னால் அந்த இழுப்புச் சத்தம் கேட்டவரை சக்கரபாணிக்குத் தெம்பு இருந்தது. திடீரென்று ஒரு கும்பல் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று முழங்கியது. முழக்கம் ஓய்ந்த பிறகும் இழுப்பு கேட்கவில்லை. "தனம்!" அவள் தலை முதுகில் சாய்ந்து கனத்தது. ஐயோ, திரும்பிப் பார்த்தால், அங்கே... அவர் பார்க்கவில்லை. அழுதுகொண்டே மிதித்தார்.

கிளினிக் வாசலில் கண்ணாயிரம்தான் துண்டை அவிழ்த்தான். மாஸ்க் வைத்து, ஊசி போட்டு, வெகுநேரம் கழித்தே டாக்டர் வெளியே வந்தார். "பொழச்சிட்டாங்க."

இப்போது கண்ணாயிரம் கடையை எதிர்ப்பக்கம் போடுகிறான். கார் நிற்கிறது, மகன் வந்தால் ஓட்டுவான். சைக்கிளில் தினமும் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறார். பயம் மட்டும் போகவில்லை. பால் வாங்கப் போனால் பாதி வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் போடுகிறார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

தனம் சிரித்துவிட்டு, போனை வாய்க்கருகில் வைத்து ஒரு மூச்சு விடுவாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் பெடலில் கால் வைப்பார்.