தங்கச்சியின் வீடியோக்கள்

கட்டாரில் இருக்கும் என் தங்கச்சி சமையல் வீடியோ போடத் தொடங்கியபோது, அவற்றை வாப்பாவுக்குக் காட்டுவது என் வேலையாகிவிட்டது. குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்பதில்லை. அவள் நேரலையில் வந்தால் வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போகும். பிறகு திரையின் நடுவில் வட்டம் சுற்றும். வாப்பா அந்த வட்டத்தையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் பாலாவியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் டைப் செய்கிறேன். முதலாளியிடம் கேட்டுவிட்டு, ஆள் குறைந்த நேரத்தில் கடைக் கம்பியூட்டரில் அவளுடைய வீடியோக்களை இறக்கினேன். லிங்கை ஒட்டியதும் 'டவுன்லோட்' என்று நாலைந்து பொத்தான்கள் வரும். ஒன்றைத் தவிர எல்லாம் விளம்பரம். ஒருமுறை படம் மட்டும் இறங்கிச் சத்தம் வராமல் போனது. வாப்பா அதையும் முழுசாகப் பார்த்தார்.

"மெலிஞ்சிட்டாள்" என்றார்.

பென் டிரைவில் கொண்டுவந்து என் பழைய லெப்டொப்பில் போட்டுக் கொடுத்தால், நான் ஆக்கிய மீன் ஆணத்தைச் சாப்பிட்டபடியே அவள் ஆக்கும் மீன் ஆணத்தைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் தேங்காய் துருவித்தான் பால் எடுக்க வேண்டும். கடையில் விற்கும் தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து ஊற்றினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவார். வீடியோவில் அவள் அதே மாவைக் கரைத்து ஊற்றினாள்.

"அவட கை உம்மாட கை" என்றார் வாப்பா.

நான் எழும்பிப் போய்க் கழுவிவைத்த சட்டியை மறுபடியும் கழுவினேன்.

ஒரு நாள் தங்கச்சி அழுதுகொண்டு போன் எடுத்தாள். அவளுடைய சேனலுக்குள் யாரோ புகுந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா வீடியோக்களையும் அழித்துவிட்டார்களாம். அவளிடம் பிரதி எதுவும் இல்லை.

"ராத்தா, வாப்பாக்கு எடுத்ததெல்லாம் உங்கள்ட்ட இரிக்கா?"

எல்லாம் இருந்தது. "பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வாப்பாவிடம் செய்தியைச் சொன்னபோது என் குரல் கவலைப்பட்டது. நெஞ்சு அப்படிக் கவலைப்படவில்லை. அவளுக்கும் ஒன்று இல்லாமல் போகட்டும் என்றிருந்தது. வாப்பா அன்று பகல் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தார்.

மறுநாள் கடையிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பினேன். பெரிய நேரலைகள் பாதியில் நின்று நின்று போயின. பின்னேரம் கடை பூட்டும்போதுதான் கடைசி வீடியோ போய்ச் சேர்ந்தது.

அவள் புதுச் சேனல் தொடங்கி, பழையதையெல்லாம் திரும்பவும் ஏற்றினாள். அதற்காகப் புதிதாக எடுத்த முதல் வீடியோவை ரோட்டோரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, வாப்பாவும் நானும் போனிலேயே பார்த்தோம். பார்ப்பவர்களுக்கு நன்றி சொன்னாள். புது லைட் வாங்கித் தந்த தன் மாப்பிள்ளைக்கு நன்றி சொன்னாள். பிறகு வெங்காயத்தை எடுத்தாள்.

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒன்னச் சொல்லல்லயே."

"மறந்திருப்பா, வாப்பா."

"கீழ எழுது. மூத்த மகள்தான் எல்லாத்தையும் எடுத்து வச்சிருந்த எண்டு வாப்பா சொல்றாரு எண்டு எழுது."

அவர் சொன்னபடியே எழுதினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ அதற்குக் கீழே, 'ராத்தாவும் ஒரு நாள் சமைத்துக் காட்டலாமே' என்று கேட்டிருந்தார்கள். தங்கச்சி உடனே பதில் போட்டாள்: 'ராத்தா நல்லா ஆக்குவா. ஆனா கெமராக்கு முன்னுக்கு வர வெக்கப்படுவா.'

எனக்கு வெட்கம் என்று அவளுக்கு யார் சொன்னது? யாராவது என்னிடம் கேட்டார்களா? வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஓம், ஒனக்கு வெக்கம்தானே" என்றார் அவர்.

போனை அணைக்கப் போனேன். "இன்னும் முடியல்ல, புள்ள" என்று என் கையைப் பிடித்தார். நின்று கடைசி வரைக்கும் பார்த்தேன். முன்னையை விட வெங்காயத்தை மெல்லிசாக வெட்டப் பழகியிருந்தாள்.