விலைச்சீட்டுக்கு அடியில் கோதுமை

கோதுமை உடம்புக்கு ஆகாது என்று தெரியவந்தபோது என் மனைவிக்கு நாற்பத்தொரு வயது. அதற்குமுன் ஆறு வருடம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் வயிற்றில் 'கேஸ்' என்றே மாத்திரை எழுதினார்கள். கடைசியில் புதுச்சேரியில்தான் ஒருவர் குடலைச் சோதித்துச் சொன்னார்.

அவள் புதுச்சேரியில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை என்றால் முட்டையோடு, கொத்துக்கறியைக் குழலாக அடைத்த சாசேஜ் வறுக்கிற வீடு. பரோட்டாவை விட்டாள், பிஸ்கட்டை விட்டாள், மாவு கலக்கிறார்கள் என்று கட்டிப் பெருங்காயத்தைக்கூட விட்டாள். சாசேஜ் கறிதானே என்று நினைத்தோம்.

திண்டிவனத்தில் குளிர்பதனக் கறிக்கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. அங்கே சாசேஜ் பாக்கெட் ஒன்றைத் திருப்பினேன். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற இடத்தின் மேலேயே விலைச்சீட்டு. கடைக்காரரைக் கேட்டேன்.

"இன்னா சார், கறில ஏது கோதுமை? நாங்களே வீட்ல துன்னுக்கினுதான் இருக்கோம். தைரியமா எடுத்துக்கினு போங்க."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகி, வாங்கிவந்துவிட்டேன்.

மறுநாள் அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. மூன்று நாள் படுக்கை. குப்பையிலிருந்து கவரை எடுத்து, சீட்டை நனைத்து உரித்தேன். கடுகளவு ஆங்கில எழுத்தில் கோதுமை மாவு என்றிருந்தது. அந்தக் கவரோடு நேரே கடைக்குப் போனேன்.

"கம்பெனிக்காரன் போடறதுக்கு நான் இன்னா சார் பண்றது? இம்மாம் பேர் வாங்கினு போறாங்க, ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்கதான் பேஜாரு பண்றீங்க."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே! தெரியாததை ஏன் தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க?"

அவர் அடுத்த ஆளுக்குக் கறி நிறுக்கத் திரும்பிக்கொண்டார். பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால், "சிக்கன் சார், நோ பிராப்ளம்" என்றது ஒரு குரல்.

அடுத்த வாரம் அவளே என்னோடு கிளம்பினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குளிர்பெட்டியிலிருந்த எட்டு வகை சாசேஜ் பாக்கெட்டிலும் சீட்டை நகத்தால் உரித்தாள்.

"யக்கா, இன்னாக்கா பண்றீங்க?" என்று கடைக்காரர் ஓடிவந்தார்.

"படிக்கிறேன்" என்றாள்.

ஐந்தில் கோதுமை. இரண்டில் வெறும் 'ஸ்டார்ச்', அதாவது மாவுச்சத்து. எதிலிருந்து எடுத்தது என்று இல்லை. ஒன்றில் மட்டும் இரண்டும் இல்லை. பின்னால் நின்றிருந்த ஒரு பெண் வேர்க்கடலை கலந்திருக்குமோ என்று தயங்கித் தயங்கி வேறொரு டப்பாவை நீட்டினார். "எம் பொண்ணுக்கு மல்லாட்டை ஆவாதுக்கா. இதுல இருக்குதா, கொஞ்சம் பாருங்களேன்."

கடைக்காரர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு விலைச்சீட்டை முன்பக்கம் ஒட்டினார். அந்த ஒரு வகையை அவள் வாங்கி வறுத்துச் சாப்பிட்டாள், வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. அவள் இன்றும் அந்தக் கடைக்குப் போகிறாள். நான்தான் வாசல்படி ஏறுவதில்லை.