ஒரு வீட்டுக்கு ஒரு கேஸ்டிக்

சோற்றுத் தட்டு சுவரில் மோதும் சத்தத்தை வைத்தே அதில் வெறும் சோறு இருந்ததா, குழம்பும் ஊற்றியிருந்ததா என்று என்னால் சொல்லிவிட முடியும். ஏழெட்டு வயதிலேயே அந்தத் தேர்ச்சி வந்துவிட்டது. வெறும் சோறென்றால் தட்டு ணங்கென்று விழுந்து தரையில் சுற்றிக்கொண்டே இருக்கும். குழம்போடு என்றால் முதலில் சொத்தென்று ஒரு சத்தம், அப்புறம்தான் தட்டு விழும். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒற்றை அறை வீடுகளாகப் பத்துக் காம்பரா வரிசையாகக் கொண்ட லயத்தில் மூன்றாவது காம்பரா எங்களுடையது. சுண்ணாம்பு அடித்த சுவர்களில் அடுப்புக்கு எதிர்ச் சுவர் மட்டும் எப்போதும் மஞ்சளாகவே இருந்தது. அம்மா எத்தனை முறை துடைத்தாலும் பருப்பின் மஞ்சள் போகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்காருவார்கள்.

அப்பாவுக்குக் கேஸ்டிக். டொக்டர்மார் கேஸ்ட்ரைட்டிஸ் என்பார்கள், பத்திரிகைகளில் இரைப்பை அழற்சி என்று எழுதுவார்கள். லயத்தில் அது கேஸ்டிக்தான். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்தார். தொழிற்சாலையை ஸ்டோரு என்று சொல்வோம். பொய் சொல்லக்கூடாது, அந்த நோய் உண்மையானது. மேல்வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு, முழங்காலை மடக்கி, நெற்றி வேர்க்க அவர் சுருண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புளித்த ஏப்பம் ஒன்று வந்துவிட்டால் வீடு கொஞ்சம் மூச்சுவிடும். ஏப்பம் வராமல் வயிறு உப்பிக்கொண்டால் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் நாம் கொண்டுபோகும் போத்தலில் வெள்ளை மருந்து ஊற்றித் தருவார்கள். அதைக் குடித்துவிட்டு உதட்டில் வெள்ளை ஒட்டியிருக்க அவர் கதவடியில் நின்றாரென்றால், அடுத்த அரைமணி நேரம் பயமில்லை.

நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், காரம் ஆகாது என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருந்தார். அந்த இரண்டு வார்த்தையையும் பிடித்துக்கொண்டு அப்பா எங்களை ஆட்டி வைத்தார். குழம்பில் மிளகாய் போட்டால், "என்னக் கொல்லப் பாக்குறியா?" என்று தட்டு பறக்கும். போடாவிட்டால், "இது மனுசன் திங்கிறதா?" என்று பறக்கும். காலை ரொட்டி கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டும். ஆறினால் நெஞ்சில் நிற்குமாம். ஒருநாள் கஞ்சி நாக்கைச் சுட்டுவிட்டது என்பதற்காக, அம்மாவின் வலது கையைப் பிடித்து அந்தக் கஞ்சிக்குள்ளேயே அமுக்கினார். அவள் கத்தவில்லை. கத்தினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் கொப்புளம் போட்ட விரல்களோடுதான் கொழுந்து பறித்தாள்.

கேட்காமலா இருந்திருக்கும்? லயத்தில் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். பக்கத்துக் காம்பரா அத்தை அடுத்த நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னா செய்யிறது, பாவம், அவருக்குக் கேஸ்டிக்." அந்த அத்தையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. நல்ல மனுஷிதான், ஆனாலும் பிடிக்காது. ஸ்டோரில் வேலை செய்யும்போது அப்பாவுக்கு வயிறு எரியாதா? எரியும். ஸ்டோரை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயா எல்லார் முன்னாலும் அவரைத் திட்டிய நாட்களில் இன்னும் கூடவே எரிந்திருக்கும். அங்கே ஒருநாளும் அவர் கை நீளவில்லை. வீட்டுப்படி ஏறியதும்தான் நீண்டது. நோய்க்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியுமா என்று நான் அப்போதே அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "வாய மூடுடி, அவரு காதுல விழுந்துரப் போகுது" என்றாள்.

அம்மாவின் காலை இப்படி இருக்கும். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவாள். மாவு பிசைந்து, அப்பா முகம் கழுவி வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு ரொட்டியாகச் சுட்டுப் போடுவாள். அவர் சாப்பிட்டு எழும்போது ஆறரை தாண்டிவிடும். ஏழுக்கு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். பிந்தினால் பேர் போடமாட்டார்கள், அன்றைய வேலை போய்விடும். அதனால் தனக்கென்று சுட அவளுக்கு நேரமிருக்காது. பாலில்லாத தேநீராக ஒரு கோப்பை சாயத்தண்ணி, அதோடு மேல்வலி மாத்திரை ஒன்று. கூடை இழுத்து இழுத்து அவளுக்குத் தோளும் இடுப்பும் போய்விட்டிருந்தன. ஹட்டன் டவுனில் வாங்கிய அந்தச் சிவப்பு மாத்திரை இல்லாமல் அவளால் மலை ஏற முடியாது. எங்கள் லயத்தில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான் போட்டுக்கொண்டு ஏறினார்கள். வெறும் வயிறு, சாயத்தண்ணி, மாத்திரை. பகல் சோறு அப்பாவுக்குப் போட்டது போக மிச்சம் இருந்தால் உண்டு.

அவளுக்கும் வயிறு எரிய ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மலைக்குப் போக இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டும்போது கயிற்றை இழுத்து இழுத்து இறுக்குவாள். ஏன் இப்படி இறுக்குகிறாய் என்றால், "இறுக்கினா கொஞ்சம் சொகமா இருக்கு" என்பாள். பேச்சின் நடுவில் வாய்க்கு வந்த புளித்தண்ணீரைச் சத்தமில்லாமல் விழுங்குவாள். சோற்றை எடுத்தால் நாலு வாயில் போதும் என்றுவிடுவாள். ஒருநாள் நான் வெள்ளை மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினேன். பதறிப்போய் வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். அப்பா காலையிலும் மாலையிலும் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், ஒரு விரலளவு குறைந்தாலும் தெரிந்துவிடும். "அப்ப டிஸ்பென்சரிக்கு நீயே போய்க் கேளும்மா" என்றேன். சிரித்தாள். "ஒரு வீட்டுக்கு ஒரு கேஸ்டிக் போதும்டி."

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தேன். ஒரு நண்பகல் அம்மா மலையிலிருந்து அப்பாவுக்குச் சோறு போட இறங்கி வந்தவள், அடுப்படியிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். கோப்பித் தூளைக் கரைத்துக் கொட்டினது மாதிரி கறுப்பாக இருந்தது. நாலைந்து நாளாகவே மலமும் தார் மாதிரி போகிறது என்று அப்போதுதான் சொன்னாள், அதையும் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி. சொல்லிக்கொண்டே அடுப்புச் சாம்பலை அள்ளி வாந்தியின் மேல் போட்டாள். அப்பா சாப்பிட வரும் நேரம், பார்த்தால் அவருக்குக் குமட்டும் என்றாள். அவர் வந்துவிட்டார். தட்டில் சோறு இல்லை. "மணி என்னா?" என்று ஒருமுறைதான் கேட்டார். குனிந்திருந்தவளின் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார். அவள் நிமிர்ந்தாள், அப்படியே அவர் சட்டை மீது இரத்தமாக வாந்தி எடுத்தாள். இம்முறை கறுப்பில்லை, சிவப்பு. அவர் முடியை விடாமல், தன் சட்டையைத்தான் பார்த்தார்.

விறகுக் கட்டை என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது என்றெல்லாம் சொல்லமாட்டேன். நான்தான் எடுத்தேன், கனமானதாகப் பார்த்து எடுத்தேன். முதல் அடி தோளில், இரண்டாவது நெற்றியில். தோல் பிளந்து அவர் கண்ணை இரத்தம் மூடியது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அம்மா தரையில் கிடந்தபடி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதடி. அவரு இன்னும் சாப்பிடல" என்றாள்.

கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் ஏற்றினார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் பெரிய புண். சிங்கள டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். சிவப்பு மாத்திரையைச் சொன்னேன். "வெலாவட்ட கனவாத?" என்றார். நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று. அந்த வீட்டில் நேரம் தவறாமல் சாப்பாடு போட்டது அவள்தான். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுப் போட்டுத்தான் புண் இவ்வளவு ஆழமாகியிருக்கிறது என்று டொக்டர் விளக்கினார். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்தாள். தாதி ஒரு கோப்பை ஆறிய பால் கொடுத்துவிட்டுப் போனார். பார்வையாளர் நேரத்தில் நெற்றியில் கட்டோடு அப்பா வந்து கட்டிலடியில் நின்றார். "பன்னெண்டரை ஆச்சு, இன்னும் ஒண்ணும் சாப்பிடல, எரியுது" என்றார். அம்மா அந்தக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தச் சொல்லி எனக்குக் கண் காட்டினாள். நான் நகர்த்தவில்லை. அவரே எட்டி எடுத்துக் குடித்தார். அன்று மாலை மறுபடியும் இரத்தம் வந்தது. சத்திர சிகிச்சைக்குக் கொண்டு போனார்கள். அவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. அம்மா திரும்பி வரவில்லை.

அதெல்லாம் முடிந்து பன்னிரண்டு வருடங்கள். நான் கந்தப்பளையில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கும் கேஸ்ட்ரைட்டிஸ், சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். அப்பா அதே காம்பராவில் தனியாக இருக்கிறார். தானே ஆக்கிச் சாப்பிடுகிறார், காய்ந்த மிளகாயில் கட்டச் சம்பல் கூட இடித்துக்கொள்கிறார், வயிறு ஒன்றும் செய்வதில்லையாம். தான் ஆக்கியதை அவர் இதுவரை எறிந்ததாகத் தெரியவில்லை. அவர் அடித்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அம்மாவின் சாவை மட்டும் அவர் தலையில் போடாமல் இருந்தேன். மாத்திரை செய்த வேலை, யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் வருடாவருடம் அம்மாவின் திதிக்கு அங்கே போய்வந்தேன்.

போன வருடம் போனபோது எனக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார். சாப்பிட முன் என் மாத்திரையை எடுத்தேன். மேல்வலி மாத்திரை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"வெறும் வயித்துல போடாதம்மா. ஒங்கம்மாவும் இப்படித்தான், நெதமும் வெறும் வயித்துலதான் போடுவா. பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"அது கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா? டிஸ்பென்சரி ஐயா எனக்குத்தான மொதல்ல சொன்னாரு. கொடலு புண்ணாப் போயிரும்னு. நீ அப்ப சின்னப் புள்ள."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

அவர் கோபப்படவில்லை. நியாயமான கேள்விதான் என்பது போல, என் தட்டில் சோறு போட்டபடியே சொன்னார். "சொன்னா அவ ஒக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிருவாள்ல. ஏழு மணிக்குப் பெரட்டு. அப்புறம் எனக்கு எப்ப ரொட்டி சுடுறது?"

வயிறு எரிந்தால் கை தானாக ஓங்கும் என்று எங்கள் லயமே நம்பியது. அப்போது என் வயிறு தொண்டை வரைக்கும் எரிந்தது. கை மடியிலேயேதான் இருந்தது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். சாப்பிடாமல் போகிறாயே என்று பின்னாலிருந்து கூப்பிட்டார், குரலில் உண்மையான கவலை இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வருடம் அம்மாவின் திதியைக் கந்தப்பளையிலேயே கொடுத்தேன்.