மேலே ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியைக் கேட்டு வாங்கி, கல்யாண போட்டோ எடுக்கப் புதிதாக வந்திருக்கும் சிலர் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். எந்த லென்ஸ் முதலில் வாங்கலாம், பெண்கள் தனியாகப் போகலாமா, பந்தியில் நாம் எப்போது உட்காருவது என்று வரிசையாக வந்தது. பந்தியைத் தவிர எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியாக ஒரு பெண் கேட்டாள். "அக்கா, நம்ம பக்கம் பெரிய தப்பு ஒண்ணு நடந்துட்டா, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

பதில் சொல்ல ஆரம்பித்தவள், ஒரு முழுக் கதையையே சொல்லி முடித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, காட்டுப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கல்யாணமாகி ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகைக்கு வந்தேன். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறுகளில் தெரிந்தவர்களோடு இரண்டாவது கேமராவாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பித்து தலைக்கேறி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டேன். அம்மா போனில் அழுதாள். கணவர் மாதச் செலவை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தார்.

நான் தனியாக ஒத்துக்கொண்ட முதல் கல்யாணம், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் தங்கையுடையது. 'புது ஆள், அதுவும் பொம்பளைப் பிள்ளை' என்று அவர் வீட்டில் தயங்கியிருக்கிறார்கள். "நான் பொறுப்பு" என்று அடித்துச் சொல்லி அவர்தான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். இது சொதப்பினால் எனக்கு அடுத்த கல்யாணம் கிடையாது, அவருக்கு வீட்டில் மரியாதை கிடையாது. நிலைமை அப்படி.

கல்யாணப் பெண் ஓசூரில் வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வந்தாள். நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை, போனில் ஒரு போட்டோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ரிசப்ஷன் கல்யாணத்தன்று மாலைதான் என்பதால் முதல் நாள் அங்கே எனக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். அதற்கு மேல் ராகு காலம்.

விடியும் முன்பே போய் இறங்கினேன். முன்வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வேனில் இருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் பக்கவாட்டு வழியைக் காட்டினார். அது சமையல்கட்டு வழி. கேமராப் பையோடு நான் உள்ளே நுழைந்ததும், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா கண்ணு, வா! இவ்ளோ லேட்டாவா வர்றது? பொண்ணு மேக்கப் போட்டுகினு கீது, சட்டுனு வா!"

பெண்ணின் அம்மாவாம். இவ்வளவு பாசமாக இழுத்துக்கொண்டு போகிறார்களே, இந்த வீட்டிலா என்னைப் பற்றித் தயங்கினார்கள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மணமகள் அறையில் பாதி மேக்கப்பில் இருந்த பெண், "வாங்கக்கா" என்று சிரித்தாள். போனில் பார்த்த முகத்தை, நெற்றிச்சுட்டியும் ஜடைநாகமும் வைத்த பிறகு அடையாளம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் எடுத்த எடுப்பு இருக்கிறதே! வளையல் போடுவது, மருதாணிக் கை, சீர்வரிசைத் தட்டுகள், பெண்ணின் சித்தி கண்ணாடிக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டது, எதையும் விடவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. என் நண்பர் வீட்டார் தருமபுரி பக்கத்துக்காரர்கள். இங்கேயோ எல்லோரும் 'கீது', 'ஊடு' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கு வந்து ரொம்ப வருடமாகிவிட்டது போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கழுத்தில் கேமரா தொங்கினால் மூளை அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும்.

மேடைக்கு வந்தேன். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதுபோல ஒன்று எடுக்கலாம் என்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவருக்குப் பின்னால் நின்ற தோழன், "யாரம்மா கூப்புடுறீங்கோ?" என்றான்.

"மாப்பிள்ளையைத்தான்."

"மாப்ள பேரு அது இல்லியே!"

"இது எந்தக் கல்யாணம்?" என்று கேட்டேன். ஒரு போட்டோகிராபர் மேடையில் நின்று கேட்கும் கேள்வியா இது?

"இது கீழ் ஹாலு. மேல் ஹால்ல வேற கல்யாணம் நடந்துகினு கீது" என்றான் அவன்.

சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்திருந்த போனை எடுத்தேன். திரை முழுக்க நண்பரின் அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் வந்தது. "எங்கங்க இருக்கீங்க? தங்கச்சியை மேடைக்குக் கூப்பிட்டாச்சு. எங்கம்மா என்னைப் பிச்சு எடுக்கிறாங்க!" அவர் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. "இதோ மண்டபத்துலதான் இருக்கேன், வந்துட்டேன்" என்றேன்.

சத்தமில்லாமல் நழுவிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பியும்விட்டது. அம்பத்தூரில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இந்த இடத்தில்தான் என் பதில் இருக்கிறது. உடனே சொல்லிவிட வேண்டும், நேராகப் போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. வாசலில் கையைப் பிடித்து அழைத்துப்போன அந்த அம்மாவைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது, அதனால் சொன்னேன்.

"அம்மா, நான் உங்க கல்யாணத்துக்கு வந்தவ இல்லை. மேல் ஹாலுக்கு வந்தவ. தெரியாம இங்க வந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அப்போ நம்ம போட்டோக்காரங்கோ எங்க?" என்றார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் மாமா, "இன்னாது, நம்ம போட்டோக்காரங்களா? பொண்ணு ஊட்லதானே ஏற்பாடு பண்றதா பேச்சு?" என்றார். "யாரு சொன்னது? நீங்க பாத்துக்குறோம்னு சொன்னதாலதானே நாங்க உட்டோம்!" என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. இவர்களுக்கு போட்டோகிராபரே கிடையாது. ஒரு வீட்டார் ஏற்பாடு செய்வார்கள் என்று இன்னொரு வீட்டார் இருந்துவிட்டார்கள். நான் மட்டும் வராமல் இருந்திருந்தால் விடியற்காலையிலேயே கண்டுபிடித்து யாரையாவது பிடித்து வந்திருப்பார்கள். நான் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. முகூர்த்த நாளில், அந்த நேரத்துக்கு மேல், இனி யார் கிடைப்பார்கள்?

மாமா என் வழியை மறித்து நின்றுகொண்டார். "அதெல்லாம் ஆவாது. வந்தது வந்துட்டே, இங்கதான் எடுக்கணும். மேல கீறவங்க வேற ஆளப் பாத்துக்கட்டும்." சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

அதற்குள் அறைவாசலில் மாலையோடு வந்து நின்றாள் மணப்பெண். அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டாள். பிறகு நேராக ஐயரைப் பார்த்து, "ஐயரே, ஏழரைக்குள்ள எப்பக் கட்னாலும் சரிதானே?" என்றாள்.

"ராகு காலம் ஆரம்பிக்கிறதுக்குள்ள கட்டிடணும், அவ்வளவுதாம்மா" என்றார் அவர்.

"அப்போ நீங்க மேல போங்கக்கா. அந்தப் பொண்ணு உங்கள நம்பிகினு கீது. அங்க தாலி கட்னதும் ஓடியாந்துடுங்கோ. நாங்க வெயிட் பண்றோம்."

"இவங்கோ திரும்பி வராட்டி?" என்றார் மாமா.

"வருவாங்க" என்றாள்.

என்னை அவளுக்கு ஒரு மணி நேரமாகத்தான் தெரியும். என் பையை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று நீட்டினேன். "அதுல லென்ஸெல்லாம் கீது, எடுத்துகினு போங்கக்கா" என்று தள்ளிவிட்டாள். படியேறும்போது கண்ணீரில் எனக்குப் படியே தெரியவில்லை.

மேலே என் நண்பர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். அவர் தங்கை மணையில் உட்கார்ந்திருந்தாள். மாலையைச் சரிசெய்வதுபோல அவள் பக்கத்தில் குனிந்து, நடந்ததை அவள் காதில் சொன்னேன். கீழே இருப்பவர்கள் காத்திருப்பதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மா எனக்குப் பூ வச்சாங்கக்கா. அதை யாருமே படம் எடுக்கல" என்றாள். கண் நிரம்பிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் மை கலையாமல் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு, "கீழ படம் எடுக்க நிஜமாவே ஒருத்தரும் இல்லையா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

கெட்டிமேளம் முழங்கியது. படம் நன்றாகவே வந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணா, அவங்களை விடு. கீழ ஒரு கல்யாணம் நிக்குது. போய்ட்டு வரட்டும்."

இறங்கி ஓடினேன். ஏழு மணி தாண்டிவிட்டது. படிக்கட்டின் கீழே அதே மாமா, என்னை மறித்த அதே மனிதர், இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். "வழி உடு, வழி உடு! போட்டோக்காரம்மா வந்துட்டாங்கோ!"

ஹால் முழுக்கக் காத்திருந்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் வைத்திருந்தார். எல்லோர் கையிலும் அட்சதை. தாலி தட்டில் சுற்றி வந்து, ஆசீர்வாதம் முடிந்து, மாப்பிள்ளையின் கைக்கு வந்துவிட்டிருந்தது. மேடை ஓரத்தில் மூச்சு வாங்க நான் கேமராவைத் தூக்கியதும், அவர் தாலியை இரண்டு கையிலும் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, கட்டட்டா?"

மண்டபமே சிரித்தது. கல்யாணப் பெண் தலைகுனிந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் தலையை ஆட்டினேன். மேளம் கொட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றதால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, ஆட்டோஃபோகஸ் புண்ணியத்தில் தப்பித்தேன். அந்தப் படத்தில் தாலி கட்டுகிறவரும் கட்டிக்கொள்கிறவரும் சுற்றி நிற்கிறவர்களும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு முகூர்த்தப் படம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

அன்று முழுக்க மேலும் கீழுமாக ஓடினேன். காலைப் பந்தி முடிந்து மேலே கொஞ்சம் ஓய்ந்ததும், என் நண்பரின் தங்கை என்னை மணமகள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். தலையில் இருந்த பூவை எடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். "இப்ப எடுங்கக்கா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்றாள்.

அவள் அம்மா, "கூத்தைப் பாரு" என்று சிரித்துக்கொண்டே புதுச் சரத்தை எடுத்து வந்து வைக்க ஆரம்பித்தார். பாதியில் கை நின்றுவிட்டது. "காலைல அவசரத்துல உன் மூஞ்சியைக்கூடப் பார்க்கல பாப்பா. இப்பத்தான் நிதானமா பார்க்கிறேன்" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன், அழுதுகொண்டும்தான்.

அந்த ஆல்பத்தில் அந்தப் படங்கள்தான் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அவள் அப்போது கல்யாணமானவள் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கு அடுத்த கல்யாணம் வாங்கிக் கொடுத்ததும் அந்த வீட்டுச் சொந்தம்தான். அதற்கடுத்தது, கீழ் ஹால் மாமாவின் பெண்ணுக்கு.

அன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவரவர் வாழ்க்கையில் ஒரே தடவை வரும் அந்த நேரத்தில், ஒருத்தி முகம் தெரியாத இன்னொருத்திக்காக என்னை விட்டுக்கொடுத்தாள், பதிலுக்கு மற்றவளும் விட்டுக்கொடுத்தாள். நடுவில் பிழைத்துக்கொண்டவள் நான். இன்றைக்கும் எந்த மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாலும், "அக்கா, கட்டட்டா?" என்ற குரல் எனக்குக் கேட்கிறது, அந்த இரண்டு பெண்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் படம் எடுக்கிறேன்.