கடைத் தொலைபேசியில் சொன்ன படங்கள்

அந்த ஒரு வருடத்தில் வந்த தமிழ்ப் படங்களை இன்றைக்குக் கேட்டாலும் காட்சி காட்சியாகச் சொல்லுவேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா வீட்டு வேலைக்காக அரபு நாடு ஒன்றுக்குப் போயிருந்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், மாத்தளை மாவட்டத்து எல்கடுவைப் பக்கம். அப்பா தவறிய பிறகு அம்மா கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் மட்டும் வீடு ஓடவில்லை. அதனால் அக்கா போனாள். போகும்போது அவள் அழவில்லை. அங்கே தமிழ்ப் படம் பார்க்க முடியுமா என்று மட்டும் கவலைப்பட்டாள். அவளுக்கு அவ்வளவு படப் பைத்தியம்.

பார்க்க முடியவில்லை. வீட்டுக்காரர்களின் தொலைக்காட்சி இருந்த அறையில் அவள் உட்காரக்கூடாதாம். முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "புதுசா என்னா படம் வந்திருக்கு? கதைய சொல்லுடி" என்றாள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, பஜாரில் இருந்த கொமியுனிகேஷன் கடைத் தொலைபேசிக்கு அவள் அழைப்பாள். நானும் அம்மாவும் மூன்றரைக்கே போய் அங்கே கிடக்கும் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிடுவோம். அம்மா இரண்டு வார்த்தை பேசுவாள், பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிடுவாள். மீதி நேரம் முழுவதும் படம்தான்.

மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் சீடி டெக் இருந்தது. ஞாயிறு காலையில் அங்கே தரையில் இடம் பிடித்துப் பார்ப்பேன். மறந்துவிடுமோ என்ற பயத்தில் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் காட்சிகளைக் குறித்து வைப்பேன். அந்த வருடத்துப் படங்களில் மூன்று எனக்கு உயிர். ஒன்று, தண்ணீர்கூடக் கொதிக்க வைக்கத் தெரியாதவன் பெரிய வீட்டில் சமையல்காரனாக நடிக்கும் படம். அதைச் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. இன்னொன்று கல்லூரிக் காதல். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் எல்லாம் அதன் பாட்டுத்தான். மூன்றாவது, புதிதாகக் கல்யாணமான பெண்ணை மாமியார் ஒரு பெரிய வீட்டுக்குள் பூட்டி வைக்கும் படம். கடைசியில் அவள் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள். அதை அக்கா இரண்டு ஞாயிறு பிரித்துச் சொல்ல வைத்தாள்.

எட்டாவது மாதம் அவள் குரல் மாறியது.

அந்த வீட்டில் தமிழ் தெரிந்த டிரைவர் ஒருவர் இருந்தார். ஆரம்பத்தில் "நம்ம பாஷக்காரரு" என்று அக்கா சந்தோசமாகச் சொல்லியிருந்தாள். இப்போது அவள் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருடைய இருமல் கேட்கும்.

"எப்படி இருக்க அக்கா?"

"நல்லா இருக்கேன், சாப்பாடெல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பிறகு, "அந்தப் பூட்டுன வீட்டுப் படம் சொன்னியே, எந்நேரமும் அதுதான் நெனப்பு" என்றாள். கதை கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு ஏறி வரும்போது, அவள் எதையோ சொல்லப் பார்க்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"படத்த நெனச்சேன்னு சொன்னா படத்தத்தான் நெனச்சிருப்பா. நீ சும்மா எதையாவது கெளப்பாத" என்றாள் அம்மா. ஆனால் அன்று அம்மா சாப்பிடவில்லை.

அடுத்த முறை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறுகளிலும் போய் உட்கார்ந்தேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். ஒவ்வொரு முறையும் அது வேறு யாருக்கோ வந்த அழைப்பு. கடை முதலாளி என்னைப் பார்ப்பதைத் தவிர்க்கத் தொடங்கினார்.

மாத்தளை டவுனில் அக்காவை அனுப்பி வைத்த ஏஜென்ட்டைப் போய்க் கேட்டோம். "போன மாசம்கூட பேசுனேனே, நல்லாத்தான் இருக்கு புள்ள" என்றவர், நாங்கள் எழும்பும் முன்பே அடுத்தவரைக் கூப்பிட்டார். பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அங்கே யாழ்ப்பாணத்துப் பக்கத்து அதிகாரி அம்மா ஒருவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பிள்ளை, நீர் சொல்லுறது சினிமாக் கதை. இதை நான் எப்பிடி முறைப்பாடா எழுதுறது?"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழும்பப் போனேன்.

"இரும். உம்மட பயம் வீண் பயம் எண்டு நான் சொல்லேல்ல. அடுத்த முறை அக்கா எடுத்தா, அந்தப் படத்தில இல்லாத விசயத்தைக் கேளும். அதுக்கும் பதில் வந்தா அது அவட சொந்தக் கதை. அவ சொல்லுற பதிலை அப்பிடியே எழுதிக்கொண்டு வாரும்."

இன்னும் இரண்டு ஞாயிறு கழித்துத்தான் அழைப்பு வந்தது. அக்காவின் குரலைக் கேட்டதுமே அம்மா அழத் தொடங்கிவிட்டாள். நான் ரிசீவரை வாங்கிக் கொப்பியைத் திறந்தேன்.

"அக்கா, அந்தப் பூட்டுன வீட்டுப் படத்துல எனக்கொரு சந்தேகம். அந்தப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கி எத்தன தரம் சாப்பாடு குடுப்பாங்க?"

படத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்த மாமியார் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே கிடையாது. மறுமுனையில் டிரைவர் ஏதோ கேட்டார். "படக் கத பேசுறோம்ணே" என்றாள் அக்கா அவரிடம். பிறகு என்னிடம், "ஒரு தரம்" என்றாள்.

"எத்தன வீட்டுல வேல செய்வா?"

"மூனு. மாமியாரோட தங்கச்சிங்க வீட்டுக்கும் போவா."

"அடிப்பாங்களா?"

"கையில சூடு வெப்பாங்களே, அந்த சீன மறந்துட்டியா?"

அப்படியொரு காட்சி இல்லை. என் கை எழுதிக்கொண்டே இருந்தது.

"முடிவுல அவ வெளிய வந்துருவால்ல?" என்று அவளே கேட்டாள்.

"வந்துருவா அக்கா. கண்டிப்பா வந்துருவா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. தொடர்பு அறுந்தது.

மறுநாளே அம்மாவும் நானும் அந்த அதிகாரியிடம் போனோம். அவர் என் கொப்பியைப் பார்த்துப் பார்த்து முறைப்பாட்டைத் தன் கையாலேயே எழுதினார், அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார், கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினார். "இனிப் பொறுத்திருக்க வேணும்" என்றார்.

அந்தப் பொறுத்திருந்த நாட்களைப் போல ஒன்றை அதற்குப் பிறகும் நான் அனுபவித்ததில்லை. ஏழு கிழமை அழைப்பே இல்லை. முறைப்பாடு போனது அந்த வீட்டுக்குத் தெரிந்து, அவளை இன்னும் மோசமாக நடத்துகிறார்களோ என்று நினைப்பேன். நானே கேள்வி கேட்டு அவளை மாட்டிவிட்டேனோ என்று நினைப்பேன். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் பார்த்தபடி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போலக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை முதலாளி மூச்சு வாங்க எங்கள் லயத்துக்கே ஏறி வந்தார். தூதரகத்திலிருந்து யாரோ அழைத்தார்களாம். "புள்ளய அந்த வீட்டுலேருந்து மீட்டுட்டாங்களாம். அவங்ககிட்டதான் இருக்காம். பேசுச்சு, எங்கிட்டயே பேசுச்சு" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வந்தபோது பாதியாக மெலிந்திருந்தாள். இடது கையில் மணிக்கட்டுக்கு மேல் மூன்று தழும்புகள். அம்மா அந்தக் கையைப் பிடித்தபடியே பஸ்ஸில் வந்தாள். பல நாட்கள் அக்கா எதுவும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவளே சொன்னாள். "எந்நேரமும் அந்தப் படம்தான் நெனப்புன்னு சொன்னேனே, அன்னிக்கி நான் படத்தத்தான்டி சொன்னேன். வேற ஒன்னுமே நெனைக்கல."

நான் துணியைக் கல்லில் வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ எத்தன தரம் சாப்பாடுன்னு கேட்டப்பதான் எனக்கே ஒரைச்சுச்சு. யார்கிட்டயாவது சொல்ல முடியும்னே அதுவரைக்கும் எனக்குத் தோணல."

ஆக, நான் புரிந்துகொண்டது தப்பு. அம்மா சொன்னதுதான் சரி. அந்தத் தப்பை மட்டும் நான் செய்யாமல் இருந்திருந்தால்? அன்றைக்கு அந்தக் கேள்வியை அதற்குமேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்துவிட்டேன்.

இப்போது அக்கா ரத்தோட்டையில் இருக்கிறாள். தையல் வேலை, கணவன், இரண்டு பிள்ளைகள். அந்த வருடத்துப் படங்கள் எது தொலைக்காட்சியில் வந்தாலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கிறாள். நான் மாத்தளையில் படிப்பிக்கிறேன். அவள் சொன்ன நேரத்துக்கு அழைக்காவிட்டால், பாடவேளை முடியும்வரை பொறுக்க முடியாமல் நானே மூன்று நான்கு தரம் எடுத்துவிடுவேன்.

"உயிரோடதான்டி இருக்கேன், மிஷின்ல இருந்தேன். போய் வேலயப் பாரு" என்று திட்டுவாள்.

திட்டு முடியும்வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.