அருணா சொன்ன ‘உள்ளேன்’

ஏழாம் வகுப்பில் எங்கள் வகுப்பறை வாசலில் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருந்தார்கள். அதன் ஒரு பாதியில் சத்து மாத்திரை போடும் நாள், யாரோ தொலைத்த சைக்கிள் சாவி, பெற்றோர் கூட்டம் என்று அறிவிப்புகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். மறு பாதிக்கு ‘இன்றுவரை ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்கள்’ என்று தலைப்பு. ஜூன் மாதம் பொடிப்பொடியாக நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. காய்ச்சலில் சில அழிந்தன, கல்யாணங்களில் சில. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் இரண்டு மூன்றாவது போய்விடும். ராத்திரி மலையைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் காலையில் எங்கே எழுந்திருப்பார்கள்?

ஜனவரியில் இரண்டே பெயர்கள் மிஞ்சின. ஒன்று என்னுடையது. மற்றது அருணாவுடையது.

எனக்கு ஓடத் தெரியாது. பேச்சுப் போட்டியில் இரண்டாவது வரி மறந்துபோகும். நான் வரைந்த மயிலைப் பார்த்து டிராயிங் மாஸ்டர், “கோழி நல்லா வந்துருக்கும்மா” என்றிருக்கிறார். தினமும் பள்ளிக்கு வருவது ஒன்றுதான் எனக்கிருந்த திறமை. அதற்கும் ஆண்டு விழா மேடையில் சான்றிதழ் தருவார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மழையிலும் சளியிலும் வந்துகொண்டிருந்தேன். அருணாவும் வந்தாள். நாங்கள் சண்டை போட்டதில்லை. ஆனால் அவள் ஒரு தும்மல் போட்டால் நான் கொஞ்சம் சந்தோஷப்படுவேன்.

பிப்ரவரியில் ஒருநாள் விடிவதற்கு முன்பே அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். “வயித்து வலிம்மா, ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. தம்பியை வீட்டில் தனியாக விட முடியாதென்று எங்கள் இருவரையும் கூடவே கூட்டிப்போனார். நான் சீருடையைப் போட்டுக்கொண்டே கிளம்பினேன். எட்டரைக்குள் அம்மாவுக்குச் சரியாகிவிடும், ஒன்பது மணிப் பள்ளிக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் தம்பி என் மடியில் தூங்கினான். சுவரில் கடிகாரம் எட்டரையைத் தாண்டியது. அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு அருணா வந்தாள். அவள் அம்மா அந்த வார்டில் துப்புரவு வேலை பார்ப்பது எனக்கு அதுவரை தெரியாது. நீலச் சேலை கட்டிய அந்த அம்மா கதவருகே வந்து தூக்கை வாங்கிக்கொண்டு, என் பக்கம் பார்த்தபடி அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அருணாவும் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். என் பெயர் இன்றைக்கு அழியப்போகிறது என்ற குஷியில்தான் அப்படி ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு மேல் கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தி வந்து தம்பியை வாங்கிக்கொண்டாள். “நீ வீட்டுக்குப் போயி படுடி” என்றாள். நான் பள்ளிக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. வாசல் பலகையில் என் பெயர் அப்படியே இருந்தது.

பக்கத்து பெஞ்சுக்காரி காதில் சொன்னாள்: “டீச்சர் குனிஞ்சிக்கினு பேர் படிச்சாங்களா, உன் பேருக்கு அருணா உள்ளேன் டீச்சர்னு சொல்லிட்டா. உன் குரல் மாதிரியே சொன்னாடி!”

எனக்கு சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒருநாள் விட்டுப் பிடித்து, எல்லார் முன்னாலும் இவள் என்னை மாட்டிவிடப்போகிறாள். வேறு எதற்காக ஒருத்தி தன் போட்டிக்காரிக்காகப் பொய் சொல்வாள்? குழாயடியில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

“ஏன்டி எனக்குப் பதிலா நீ சொன்ன?”

“சும்மாதான். உங்க அம்மா எப்டி இருக்காங்க?”

“வயித்து வலிதானே. சரியாயிடும்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “ஆமா, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவினாள்.

அம்மா இரண்டு நாளில் வீடு திரும்பினாள். எனக்கோ நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், அருணா முந்திக்கொள்வதற்குள் நானே போய் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். “டீச்சர், அன்னிக்கு காலையில நான் வரல. அருணாதான் பொய் சொன்னா.”

டீச்சர் டஸ்டரை எடுத்து இரண்டு பெயர்களையும் அழித்தார். வராததற்கு என் பெயர், பொய் சொன்னதற்கு அவள் பெயர். அருணா இரண்டு பீரியட் வெளியே நின்றாள். “ஏன் அப்படிச் சொன்ன?” என்று டீச்சர் எத்தனை தடவை கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வருடம் எங்கள் வகுப்பில் யாருக்கும் அந்தச் சான்றிதழ் இல்லை.

ஆனால் எனக்கு வேறொன்று கிடைத்தது. மறுநாள் பலகையில் அறிவிப்புப் பாதியில், ‘உண்மை பேசிய மாணவிக்குப் பாராட்டு’ என்று கொட்டை எழுத்தில் என் பெயர். பிரார்த்தனைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் ஒரு பேனா கொடுத்தார். அப்பா பலகையைப் போனில் படம் பிடித்து, வேங்கிக்காலில் அவர் வேலை பார்த்த ஆபீஸ் முழுக்கக் காட்டினார்.

இதை அம்மாவுக்கு நானே விலாவாரியாகச் சொன்னேன். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பொண்ணுடி அது?”

“அருணான்னு ஒருத்தி. அவங்க அம்மா உன் வார்டுலதான் வேலை செய்றாங்க.”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நீலச் சேலையா, மூக்குத்தி போட்டவங்களா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேனா நன்றாக இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்து, பிறகு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தடுத்தும் கேளாமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அருணா வீட்டுக்குப் போனாள். செங்கம் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடக்க வேண்டும். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கெட்டும் வாங்கினாள். அருணாவின் அம்மா எங்களைப் பார்த்ததும், “ஐயையோ, நீங்க ஏம்மா அலையறீங்க? படுத்துக்கினு இருக்கணும்ல” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அருணாவைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினாள்.

என் தலையை அல்ல, பொய் சொன்னவள் தலையை. எனக்குக் கோபமாக இருந்தது.

“உடுங்கம்மா, போனது போவட்டும்” என்றார் அருணாவின் அம்மா. “உடம்ப தேத்துங்க. அடுத்தது நல்லா வரும்.”

அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றில் மூன்று மாதத்துக் கரு கலைந்தது என்பதும், அப்பாவை உள்ளே விடாத அந்த அறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அருணாவின் அம்மாதான் என்பதும் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, பேச்சோடு பேச்சாக அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று கதவருகே அருணாவின் அம்மா விஷயத்தை மகளிடம் சொல்லி, “இந்தப் பொண்ணுகிட்ட எதுவும் கேக்காத, அவளுக்கு எதுவும் தெரியாது” என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டதெல்லாம் சான்றிதழைப் பற்றிய பேச்சாகத்தான் என் காதில் விழுந்தது. இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்களே என்று மனம் இளகி, நானும் ஒரு ஆறுதல் சொன்னேன்.

“ஆமாங்க. அடுத்த வருஷம் நாங்க ரெண்டு பேருமே லீவு போட மாட்டோம்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருணா என்னைப் பார்த்து, “சரிடி” என்று ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள்.