இருபதாவது படிவம்

ஆவி, அருள், குறி என்று எவராவது பேச்செடுத்தால் மெல்ல எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறவள் நான். இன்றும் அப்படித்தான். எனவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன். எனக்கு வெட்கமாயிருப்பது இதற்கெல்லாம் முன்னால் நான் செய்த ஒரு காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பதியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உளவியல் துறை ஆய்வகத்துக்கு இளங்கலை மாணவர்கள் உதவியாளர்களாக வேண்டும், தமிழ் தெரிந்தால் எந்தத் துறையானாலும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சம்பளம் கிடையாது, ஒரு சான்றிதழ், வேலை நன்றாயிருந்தால் பேராசிரியர் கைப்பட ஒரு பரிந்துரைக் கடிதம். வெளியூரில் எம்.ஏ. சேர எனக்கு அந்தக் கடிதம் வேண்டியிருந்தது. என்னைப் பற்றி நான்கு வரி எழுத என் துறையில் யாருமில்லை; மூன்று ஆண்டுகளில் வகுப்பில் நான் வாய் திறந்திருந்தால்தானே.

கணவரை இழந்து தனியே வாழும் பெண்களின் தூக்கத்தையும் தனிமையையும் பற்றிய ஆய்வு அது. நடத்தியவர் சுகுணா அக்கா, முனைவர் பட்ட மாணவி, தெலுங்குக்காரர், தமிழ் ஓரளவு பேசவும் படிக்கவும் வரும். வெதுருகுப்பத்துக்கு அப்பால் ஒரு தமிழ்ச் சிற்றூரை எனக்கு ஒதுக்கினார். இருபது பெண்கள், ஆளுக்கு முப்பது கேள்விகள். நான் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும்.

பத்தொன்பது பேரை முடித்தேன். பத்தொன்பதாமவர் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டே பொறுமையாகப் பதில் சொன்னவர், ‘யாருக்கும் நான் வேண்டியதில்லை என்று கடந்த வாரம் எத்தனை முறை தோன்றியது’ என்ற கேள்வியில் கையை நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, இதெல்லாம் கேட்டு எழுதிக்கினு போய் நீ இன்னா பண்ணப் போற?”

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு கை கடலையை அள்ளிக் கொடுத்து, துன்னுக்கினே போ என்றும் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் இன்னொரு வாசலில் நின்று குரல் கொடுக்க என்னால் முடியவில்லை. ரேஷன் கடை வரை நடந்தேன், அதற்குப் பின்னால் போகும் சந்தின் முனையைப் பார்த்தேன், திரும்பிவிட்டேன்.

இருபதாவது படிவத்தைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். கோவிந்தம்மா, வயது நாற்பத்தாறு, ரேஷன் கடைக்குப் பின்னால் கடைசி வீடு. இல்லாத அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆடுகளும் கொடுத்தேன். எந்நேரத்தில் தனிமை அதிகம் என்ற கேள்விக்கு, ‘மூணு மணிக்கு, ஆட்டுக்குத் தண்ணி வெச்சுட்டு நிக்கறப்போ’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

அந்த வாரக் கூட்டத்தில் பேராசிரியர் இருபது படிவங்களில் அந்த ஒன்றை எடுத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். இந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தெரிகிறது என்றார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் சுகுணா அக்கா சொன்னார்: ஒரு மாதம் கழித்து அதே பெண்களிடம் அதே கேள்விகளை வேறொருவர் கேட்பார், இரண்டும் ஒத்துப்போனால்தான் கேள்விகளை நம்பலாம் என்று. முன்பே சொல்லியிருந்தால் நாங்கள் அந்தப் பெண்களிடம் சொல்லிவைப்போமாம். முதல் படிவங்களைப் பீரோவில் பூட்டிச் சாவியைத் தன் அடையாள அட்டையோடு கோத்துக்கொண்டார். போகப்போகிறவள் தேவகி, உளவியல் மாணவி, குடுபல்லிப் பக்கத்துக்காரி. பெயரும் வீட்டு அடையாளமும் மட்டும் அவளுக்குக் கொடுத்தார்கள். கோவிந்தம்மா நாயுடுபேட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம், அவரை விட்டுவிடு என்று அவளுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன்.

வியாழக்கிழமை மாலை தேவகி ஆய்வகத்துக்கு வந்து பையை மேசையில் போட்டாள். இருபது படிவங்கள் இருந்தன.

“உன் கோவிந்தம்மா எங்கியும் போவல, ஊட்லதான் கீது. மோர் குட்த்துச்சு. எனக்கு வேலைய கொறைக்கலாம்னு பாத்தியா, புண்ணியவதி?”

நான் சிரித்தேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிரித்தேன்.

சுகுணா அக்கா பீரோவைத் திறந்து இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். மூன்று மணி. ஆட்டுக்குத் தண்ணீர். இருபத்தொன்பது பதில்கள் ஒத்துப்போயின. ஒன்று மட்டும் மாறியிருந்தது. மனத்திலிருப்பதைச் சொல்ல யாராவது உண்டா என்ற கேள்விக்கு நான் ‘யாருமில்லை’ என்று எழுதியிருந்தேன். தேவகியின் தாளில் ‘ஒரு பொண்ணு கீது’ என்றிருந்தது.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சுகுணா அக்காவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன்.

“அக்கா, அந்த அம்மா கிடையாது. நான் பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து எழுதுனது.”

அவர் கேட்டார்: “அப்போ தேவகி யாரு கையில மோர் வாங்கிக் குடிச்சா?”

தேவகி கதவருகிலேயே நின்றிருந்தாள். “நான் பொய் எழுதிக்கினு வந்தேன்னு சொல்றியா?” என்று கேட்டாள், குரல் உடைந்தது. என் படிவம் பொய்யானால் அவளுடையதும் பொய். என்னோடு அவளும் வெளியே போக வேண்டும். வேறொரு ஊரோடு குழப்பிக்கொண்டேன் என்று முணுமுணுத்தேன். பரீட்சை பயம், போய்ப் படுத்துக்கொள் என்று சுகுணா அக்கா அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்லியும் என் வாக்குமூலத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வெட்கக்கேடு என்னவென்றால், படியிறங்கும்போது பரிந்துரைக் கடிதம் கைநழுவவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

தேவகி கற்பனை செய்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். ஆனால் நான் எழுதியதை அவள் பார்த்ததேயில்லை. கோவிந்தம்மாவின் பதில்களைப் படித்துக் காட்டிய கூட்டத்தன்று அவள் ஊரிலேயே இல்லை, அக்காள் கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், நல்ல வெயிலில் அந்த ஊருக்குப் போனேன். ரேஷன் கடையைத் தாண்டி முதல்முறையாகச் சந்துக்குள் நடந்தேன். கடைசியில் ஒரு சிமென்ட் ஷீட் போட்ட வீடு. முருங்கை மரத்தில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. அவற்றின் முன்னால் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, இப்போதுதான் ஊற்றியதுபோல் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

‘அம்மா’ என்று ஒரு சொல் போதும். நின்றேன். யாரென்று கேட்டால் என்ன சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். ரேஷன் கடையில் விசாரித்திருக்கலாமே என்பீர்கள். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் கேட்கும் துணிவு எனக்கில்லை.

மறுநாள் ஆய்வகத்தில், தேவகி கொண்டுவந்த படிவங்களின் பின்பக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். முப்பது கேள்விகளுக்கு அப்பால், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற ஒரே கேள்விதான் அங்கே இருக்கும். பென்ஷன், முழங்கால் வலி, மருமகள் என்று எழுதிக்கொண்டே வந்து இருபதாவதைத் திருப்பினேன். தேவகியின் சாய்ந்த கையெழுத்து. மேலே வியாழக்கிழமைத் தேதி.

‘அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழம வரும். வாசல் வரிக்கும் வரும், கூப்புடாது. கூப்புட்டாத்தான நான் வெளிய வர முடியும், சொல்லு.’

தேவகியிடம் கேட்டேன். அந்த அம்மா சொன்னார், எழுதினேன், தங்கை மகளையோ யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன் என்றாள். அவள் முகத்தில் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் மறுபடி கணினிக்கு வந்து உட்கார்ந்தேன். கடிதம் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. கோவிந்தம்மா என்ற பெயருக்கு எதிரே, ‘எதுவும் சொல்லவில்லை’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன்.